சங்கு ஊதாத ஆற்றங்கரை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப்பே ஆறு பாயும் மலைப்பாங்கான பகுதி கெர் கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம். பரப்பு சுமார் 2,860 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 52,600 அளவில்தான். சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஆற்றோரம் ஓங்கி நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து தங்கும் முகாம்கள் என்று பார்க்க அழகான ஊர்ப்புறம். 2025 ஜூலை 4 விடியற்காலையில் வந்த வெள்ளம் இங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மிஸ்டிக் என்ற ஒரே முகாமில் சிறுமிகளும் அவர்களைக் கவனித்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் ஆறு சுமார் எட்டு மீட்டர் ஏறியது.

அந்த மண்ணின் அமைப்பு அப்படி. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மேட்டு நிலத்தில் மோதி மேலே எழும்பும்போது மழை கொட்டித் தீர்க்கும். பாறைமேல் இருப்பது மெல்லிய மண்படலம்தான். அது எவ்வளவு நீரை உறிஞ்சிவிட முடியும்? பெய்ததெல்லாம் ஓடைகளில் இறங்கி ஆற்றில் விழுந்துவிடும். ஹன்ட் என்ற சிற்றூரில் குவாடலூப்பேயின் இரு கிளைகள் ஒன்றுசேர்வதால் அங்கே வேகம் இன்னும் கூடுகிறது. அந்த வாரம் பாரி புயலின் மிச்சம் கொண்டுவந்த ஈரப்பதமும் சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் தெரியாத சங்கதி அல்ல. 1932இல் பெருவெள்ளம், 1978இல் மறுபடியும். 1987 ஜூலையில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்ஃபர்ட் ஊருக்கருகே, வெள்ளத்துக்குத் தப்ப முகாமிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பேருந்து தண்ணீரில் சிக்கி 10 பேர் இறந்தார்கள். இந்தப் பகுதியில் சாலைகள் பல இடங்களில் தரைப்பாலமாகவே ஆற்றைக் கடக்கின்றன. ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய அளவுக் கம்பம் நிற்கும். ஓர் அடி உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீரே சிறிய காரை இழுத்துப் போய்விடும். இருட்டில் அந்தக் கம்பத்தை யார் பார்ப்பது?

எச்சரிக்கை வராமலும் இல்லை. ஜூலை 3 பிற்பகலிலேயே வெள்ளம் வரலாம் என்று தேசிய வானிலைச் சேவை அறிவித்தது. நள்ளிரவு தாண்டி 1.14 மணிக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை. 4.03 மணிக்கு, உயிருக்கே ஆபத்து என்ற உச்சக்கட்ட அறிவிப்பு. அது விடுமுறை நாளுக்கு முந்தைய இரவு, ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. குன்றுகளுக்கிடையே கைப்பேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முகாம் சிறுமிகளிடம் கைப்பேசியும் கிடையாது. ஆற்றோரம் ஊதி எழுப்ப எச்சரிக்கைச் சங்கும் (சைரன்) இல்லை.

சங்கு வைக்க வேண்டும் என்ற பேச்சு 2016 வாக்கிலேயே கவுண்டி மன்றத்தில் எழுந்தது. செலவும், நடுராத்திரியில் சத்தமும் தடையாகச் சொல்லப்பட்டன. சுமார் பத்து லட்சம் டாலர் மானியம் கேட்டுப் போட்ட விண்ணப்பம் தேறவில்லை. மக்கள் குறைவு, வரி வருமானம் குறைவு, ஆறோ நீளம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் அதே ஆற்றின் கரையில் இருக்கும் கம்ஃபர்ட், மிகச் சிறிய ஊர். அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படையினர் பணம் திரட்டி, ஊர் ஓடையின் நீர்மட்டத்தோடு இணைத்துச் சங்கு அமைத்திருந்தார்கள். 2025இல் அது ஊதியது. தீயணைப்பு வீரர்கள் வண்டியில் போய்க் கதவு தட்டினார்கள். கம்ஃபர்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. வெள்ளம் அங்கே போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது உண்மைதான். கிடைத்த நேரத்தை அவர்கள் வீணாக்கவில்லை.

2025 செப்டம்பரில் டெக்சாஸ் புதிய சட்டங்கள் கொண்டுவந்தது. வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் முகாம் பிள்ளைகளைத் தங்கவைக்கக் கூடாது. ஆபத்தான பகுதிகளில் எச்சரிக்கைச் சங்கு அமைய வேண்டும். பேருந்தோடு பத்துப் பிள்ளைகள் போன 1987லேயே வந்திருக்க வேண்டிய சட்டங்கள் இவை.