கச்சான் வீசும் காலத்துப் படிப்பு

ஆடி மாதப் பின்னேரங்களில் மட்டக்களப்பின் புளியந்தீவில் வாவிக்கரையோரம் நின்றால் மேற்கே படுவான்கரைப் பக்கம் வானம் புழுதி நிறத்தில் மங்கிக் கிடக்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சாரத்தில் கறுப்பாக ஒன்று வந்து ஒட்டும். விரல் பட்டதும் பொடிந்து மை போல இழுபடும். எரிந்த புல்லின் தாள் அது. வாவியைக் கடந்து காற்றோடு வந்திருக்கிறது. “எங்கேயோ காடு எரியுது” என்று சொல்லி, சாரத்தை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். போர்க்காலத்தில் வளர்ந்த எங்களுக்குப் புகை என்றால் வேறு பயம் இருந்தது. புகை எழும் திசையை வைத்து எந்த ஊர் என்று கணக்குப் போட்டவர்கள் நாங்கள். இன்றைக்கு அங்கே எரிவது என்ன, எதனால் எரிகிறது என்று கேட்பார் குறைவு.

இந்தக் கேள்விகளையே முழுப் பட்டப்படிப்பாக வைத்திருக்கிறது அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகம். காட்டுத்தீயின் சூழலியலும் முகாமைத்துவமும்தான் பாடம். அந்த மண்ணுக்கு அது தேவைப்பட்டது. 1910 ஆகஸ்டில் ஐடஹோவிலும் அயலிலுள்ள மொன்டானாவிலும் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த அதிர்ச்சியில், எந்தத் தீயானாலும் அணைத்தே தீருவது என்று அரசு இறங்கியது. கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் விதியே போட்டார்கள். அணைக்க அணைக்க மரங்களின் அடியில் சருகும் சுள்ளியும் சேர்ந்துகொண்டே போயின. பிறகு மூண்ட தீக்கு முன்னால் ஆட்களால் நிற்க முடியவில்லை. சில காடுகளுக்கு அளவான தீ வேண்டும் என்பதை 1960களின் பிற்பகுதியிலிருந்துதான் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பின் அரிச்சுவடி, சருகை நிறுப்பது. ஒரு பிடி அள்ளி நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்தால் அதில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று தெரிந்துவிடும். பென்சில் பருமனுக்கு உட்பட்ட சுள்ளி ஒரு மணி நேரத்திலேயே காற்றின் வறட்சிக்கு இணங்கிவிடும். தொடைப் பருமன் கட்டைக்கு நாற்பது நாள் வரை ஆகும். காலையில் ஈரமாயிருந்த புல் மத்தியானம் பற்றிக்கொள்வதும், அதே இடத்துக் கட்டை சும்மா கிடப்பதும் இதனால்தான். எரிந்து முடிந்த காட்டையும் வாசிக்கலாம். காற்றோடு ஓடிய தீ, மரத்தண்டின் காற்றுக்கு மறைவான பக்கத்தில்தான் கரியை உயரமாக ஏற்றிவிட்டுப் போகும். பத்து மரங்களில் அதைப் பார்த்து வந்தால் தீ எங்கிருந்து வந்தது என்று கை நீட்டிச் சொல்லிவிடலாம். மேய்ச்சல்தரையில் புகை கண்டதும் “அவன் வைத்தான், இவன் வைத்தான்” என்று வாய்த்தகராறு மூளும் எங்கள் மாவட்டத்தில் இந்த ஒரு வித்தைக்காகவாவது நாலு பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் தீக்குக் காற்று கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, காய்ந்த காற்றாக எங்களிடம் வருகிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இதே மாதிரிக் காற்றை ‘ஃபோன்’ என்கிறார்கள். கண் எரியும், உதடு வெடிக்கும், வயது போனவர்களுக்கு உடம்பு அலுக்கும். காட்டுக்கும் அப்படித்தான்.

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை என்று வழி போகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் அந்தச் சந்திக்குக் கிட்டத்தான். அந்த ஒரே வீதியில் தீயோடு வாழும் காட்டையும் தீயால் சாகும் காட்டையும் பார்த்துவிடலாம்.

பிபிலைக்கு அப்பால் நில்கலப் பக்கம் இடுப்பளவு புல். இடையிடையே விலகி நிற்கும் மரங்கள். கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை. திரிபலாச் சூரணத்தின் மூன்று காய்களும் இந்த எரியும் புல்காட்டின் பிள்ளைகள் என்பதை முதன்முதல் அறிந்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. இவற்றின் தடித்த பட்டை தீயைத் தாங்கும். மேலே கருகினாலும் அடியிலிருந்து தளிர்க்கும். இலுக்குப் புல் இன்னும் கெட்டிக்காரி. எரிந்த தரையில் சாம்பலை விலக்கி விரலைவிட்டுக் கிளறினால் இரண்டங்குலத்துக்குக் கீழே மண் குளிர்ந்திருக்கும். அங்கே வெள்ளை வெளேரென்று, ஊசிமுனையோடு அதன் வேர்த்தண்டு படுத்திருக்கும். ஒரு கீறல்கூட இராது.

கீழே, சமவெளியில் பாலையும் வீரையும் நெருங்கி நிழல் கட்டிய காடு வேறு சாதி. அதற்குத் தீ பழக்கமில்லை. ஓரத்தை வெட்டி வெளிச்சம் உள்ளே விட்டால் கினிப்புல் நுழையும். அது காய்ந்து ஒருமுறை எரிந்தால் நாலு மரம் சாகும், வெளிச்சம் கூடும், புல்லும் கூடும், அடுத்த கச்சானுக்கு மறுபடி எரியும். சில வருடத்தில் காடு இருந்த இடம் புல்தரையாகிவிடும்.

ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு. சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒதுக்கக் காட்டில் தீ வைப்பது குற்றம், அவ்வளவுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டமும் இல்லாவிட்டால் பாலைக்காடு எப்போதோ போயிருக்கும். ஆனால் தீ வைப்பவர் வாயைத் திறக்க முடியாமல் போனதால், அவருக்குத் தெரிந்ததும் அவரோடேயே நின்றுபோனது.

கரடியனாற்றுப் பக்கத்தில் பட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டேன். “கிழட்டுப் புல்ல மாடு தின்னாது மனே. எரிச்சா மறுகா வாற குருத்துத்தான் பாலாகும்” என்றார். எப்போது எரிப்பது என்றதற்கு வானத்தைப் பார்த்தார். “கச்சான் புடிக்க முந்தி. பனி கொஞ்சம் விழ வேணும், ராவைக்கு அது தானா அவியும். கச்சான்ல வைக்கிறவன் பட்டிக்காரன் இல்ல.” சேனை செய்தவர்களும் சுற்றிவரச் செதுக்கிவிட்டு, காற்றுக்கு எதிர்ப் பக்கத்தில் வைத்துப் பின்னுக்கு எரியவிட்டுத்தான் இறுங்கும் சோளனும் போட்டார்கள். ஐடஹோ மாணவர் கருவிகளோடு போய்க் கற்கும் பாடம் இதுவேதான்.

கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் இப்படித்தான் வருடத் தொடக்கத்தில் சருகை மட்டும் மெல்ல எரித்து வந்தார்கள். 1974இல் அது சரணாலயமானது, எரிப்பதும் நின்றது. உண்ணிச்செடி காட்டை மூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வட அவுஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் நிலத்திலோ வேறு கதை. ஆதிக்குடி மூப்பர்களும் விஞ்ஞானிகளும் கைகோத்து, வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்துப் பிந்திய பெருந்தீயைக் குறைக்கிறார்கள். 2006 முதல் அதற்குக் கூலியும் கிடைக்கிறது.

அறியாமல் தீக்குள் போனால் என்ன ஆகும் என்பதைக் குரங்கணி காட்டியது. 2018 மார்ச் 11ஆம் திகதி தேனி மாவட்ட மலையில் நடைபயணம் போனவர்களைப் புல்தீ சூழ்ந்து, 20 பேருக்கு மேல் மாண்டார்கள். சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பது இந்தப் பாடத்தின் தொடக்கத்திலேயே வரும்.

செய்மதி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பார்க்கிறது. 375 மீற்றர் சதுரங்களாகத் தீப்புள்ளிகளைக் காட்டும் நாசாவின் இலவச வரைபடத்தை எந்த மாணவியும் கைபேசியில் திறக்கலாம். ஆனால் அந்தப் புள்ளிகளைப் பிடிக்கும் கருவியைச் சுமக்கும் செய்மதிகள் எங்கள் தலைக்கு மேல் வருவது மத்தியானம் ஒன்றரைக்கும் இரவு ஒன்றரைக்கும் அண்டித்தான். நாலு மணிக்கு வைத்துப் பனியில் அவியும் பட்டிக்காரர் தீ அவற்றின் கண்ணில் படாமலே போகும்.

வந்தாறுமூலையில் இதற்கென்று தனிப் பட்டம் கேட்கவில்லை. விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் சேர்ந்து ஒரு பாட அலகு. கச்சான் மாதங்களில் ஆறு வாரம் பதுளை வீதியில் களப்படிப்பு. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒப்புதலோடு அளந்து எரித்துப் பார்க்க இரண்டு ஏக்கர் புல்தரை. இலங்கையின் புல்வெளிகளைப் பற்றி சி. எச். ஹோம்ஸ் எழுதிய ஆய்வு ஒக்ஸ்போர்டில் 1951இல் அச்சானது. அடுத்தது தமிழில், இங்கிருந்து வரட்டும். அந்தப் பெரியவரை முதல் நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுக்க வேண்டும்.

அவரைச் சந்தித்துப் பத்து நாள் கழித்து அதே வழியால் போனேன். வீதியோரம் கறுத்துக் கிடந்த துண்டில் மழையில்லாமலே விரலளவு பச்சை ஏறியிருந்தது. பட்டி அதில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தது. கிட்டப் போனதும் ஒரு பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. மூக்கு முழுக்கக் கரி.