தட்டுச் சத்தத்துக்குத் திரும்பினால் போதுமா?

ஆறு மாதக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு. குழந்தை திரும்புகிறது. "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று பாட்டி சொல்லிவிடுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

குழந்தை எதற்குத் திரும்பியது என்பதுதான் கேள்வி. கையை வீசும்போது காற்று படும், நிழல் அசையும், பாய்க்கடியில் தரை அதிரும். சத்தத்துக்கே திரும்பியிருந்தாலும், தட்டுச் சத்தம் பேச்சைவிடப் பலமானது. பாதி கேட்கிற காதுக்கும் அது எட்டிவிடும். எட்டாமல் போவது 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள்.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா ங்கா' என்று குரல் கொடுக்கும், சிரிக்கும். வீட்டார் ஏமாறுவது இங்கேதான். பத்து, பதினோரு மாதமாகியும் 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பது பதிலாகாது. கேட்கும் ஒலிகளைக் கொண்டுதான் மூளை மொழிக்கான பாதைகளைப் போட்டுக்கொள்கிறது. அந்த வேலை மும்முரமாக நடப்பது முதல் மூன்று ஆண்டுகளில்.

ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 பேர் செவிக்குறையோடு பிறக்கிறார்கள். பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். சொந்தத்தில் கல்யாணம், கர்ப்ப காலத்தில் ருபெல்லா, குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இவை எதுவுமே இல்லாத வீட்டிலும் அப்படிப் பிறப்பதுண்டு.

தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து ஓஏஇ (OAE) என்னும் செவிப் பரிசோதனை செய்யச் சில நிமிடங்கள் போதும். 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவி அல்லது பயிற்சி என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இன்குபேட்டரில் பல நாள் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது, செவி நரம்பைச் சோதிக்கும் பெரா (BERA) பரிசோதனையும் வேண்டும். காது ஒலியை வாங்கினாலும் நரம்பு கடத்தாமல் போகலாம்.

பரிசோதனை முடிவில் 'ரெஃபர்' என்று வந்தால் செவிடு என்று பொருளல்ல. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் மிச்சமிருக்கும் நீரும் அழுக்கும்கூட அப்படிக் காட்டும். மறுபடி வந்து பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு பல வீடுகளில் தடுப்பூசி அட்டைக்குள் மடிந்தே கிடந்துவிடுகிறது. குழந்தைக்கு இரண்டு வயதாகி, இன்னும் பேசவில்லையே என்று ஓடும்போதுதான் அதைப் பிரிக்கிறார்கள்.