மதுராந்தகத்தில் ஒரு கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது

"கொள்ளுத்தாத்தா பேரு என்ன அத்தை?" என்று கேட்டேன். "ஏரி மதகுக்குக் கீழ ரெண்டு காணி வெச்சிருந்தாரு, அதான் தெரியும்" என்றார். பேர் இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அத்தை கொடுத்ததுதான் சரியான துப்பு என்பது ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

குடும்ப வரலாறு தேடுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கானவை. நமக்கு இருப்பது இனிஷியல், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிரிட்டனில் 1921 கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய படிவங்களையே பார்க்கலாம். இங்கே 1948-ம் வருடச் சட்டப்படி தனிநபர் படிவங்கள் ரகசியம், கிராமத்தின் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வெளியே வரும். அதனால் நம் ஊரில் ஆளைத் தேடாதீங்க, மண்ணைத் தேடுங்க.

முதலில் சுலபமானது, பழைய வாக்காளர் பட்டியல். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது ஊரே 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடியது நினைவிருக்கும். அதே பட்டியலை வேறு கண்ணோடு பாருங்க. கதவு எண் வரிசையில் ஒரு வீட்டிலுள்ளவர்கள் அடுத்தடுத்து வருவார்கள், வயதும் தகப்பனார் அல்லது கணவர் பெயரும் இருக்கும். 2002-ல் 80 வயதான ஒருவரின் தகப்பனார் பெயர் கிடைத்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த ஒருவரை அநேகமாகத் தொட்டுவிட்டீர்கள். செலவு பூஜ்யம்.

அடுத்தது நிலம். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் சிட்டாவும் 'அ' பதிவேடும் காசில்லாமல் பார்க்கலாம். பட்டாதாரரின் தகப்பனார் பெயர் சிட்டாவிலேயே இருக்கும். செத்து முப்பது வருடமான தாத்தா பேரில் பட்டா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஆராய்ச்சிக்கு அது அதிர்ஷ்டம் (வாரிசுகளுக்குத்தான் தலைவலி). 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில்தான் இப்போதைய பதிவுகள் உருவாயின. அதற்கு முந்தையது எஸ்.எல்.ஆர். எனப்படும் பழைய நிலவரித்திட்டப் பதிவேடு. அது இணையத்தில் கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பழைய சர்வே எண்ணைக் குறிப்பிட்டு நகல் கேட்கணும். பழைய எண் 'அ' பதிவேட்டிலேயே இருக்கும்.

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டில் தனி வரலாறு உண்டு. ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், இங்குள்ள தலித் மக்களின் நிலைமை பற்றி 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். ஒதுக்கீடு பெற்றவர் முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகும் அவர்களுக்குள்ளேயேதான் கைமாற்றலாம். ஆனால் நிலம் எங்கெங்கோ போய்விட்டது. 1994 அக்டோபர் 10-ம் தேதி, காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். யு.டி.ஆர். சமயத்தில் பல இடங்களில் பஞ்சமி என்ற குறிப்பே விடுபட்டது என்பது நில உரிமை இயக்கங்களின் நெடுநாள் புகார். ஆகவே இந்தக் குடும்பங்களுக்குப் பழைய பதிவேட்டில் இருக்கும் முப்பாட்டனின் பேர், நிலம் நம்முடையது என்பதற்கான ஒரே சாட்சியாகவும் இருக்கலாம். அந்த நகலைப் பத்திரமாக வையுங்க.

பெண்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். பட்டாவில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம், பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. எழுதிக்கொடுத்தவர் பத்தியில் விடுதலைப் பத்திரம் எங்கே வருகிறது என்று பாருங்க. அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுத்த அக்கா தங்கைகள் அங்கே வரிசையாக இருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று பாட்டிகளின் பேர் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. சொத்தை விட்ட நாளில்தான் அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கிறார்கள்.

ஊரை விட்டுப் போனவர்களுக்கு வேறு வழி. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் எழுதியிருக்கிறது. டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இவற்றை இணையத்தில் வைத்தது. இரண்டு உலகப் போர்களில் இறந்த சிப்பாய்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் இருக்கிறது. பலருக்கு அப்பா பேரும் ஊரும் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம பகுதிக்கு மாவட்டப் பேர் மாறிக்கொண்டே இருந்தது. 1997-ல் காஞ்சிபுரம், 2019 நவம்பர் 29 முதல் மறுபடி செங்கல்பட்டு. செய்யூர் வட்டத்து ஊர்கள் பழைய ஏடுகளில் மதுராந்தகத்துக்குக் கீழே இருக்கும். நேட்டால் பட்டியலில் 'சிங்கிள்புட்' என்றுதான் தேடணும், கிராமத்தின் பேரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எழுத்தைப் பார்த்து மண்டையை உடைச்சிக்காம, சத்தமாக வாசித்துப் பாருங்க. ஊர் வாயில் வந்துவிடும். என் அத்தையிடம் இப்படி நாலைந்து பேரை வாசித்துக் காட்டினேன், இரண்டாவதிலேயே "அது நம்ம பக்கத்து ஊருடா" என்றார்.