மண்ணுக்குள் ஒரு மன்னர் பெயர்

விளாங்குடியில் கடைக்கால் தோண்டும்போது பழைய செப்புக் காசொன்று தங்கள் கையில் அகப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். உடனே புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள்! காலம் படிய வைத்த பச்சை மெருகு போனால், மதிப்பும் போய்விடும்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்கள் அரபு எழுத்தில் காசு பொறித்தனர். அவர்களுள் முதல்வரான அஹ்சன் ஷா, பயணி இப்னு பதூதாவின் மாமனார். ஓதத் தெரிந்த நம் பிள்ளைகளே அப்பெயரைக் கூட்டி வாசித்துவிடலாம்.

அடுத்து, தரச்சான்று பெறலாமா என்ற கேள்வி எழும். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள், காசின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பிட்டு, உறையிலிட்டு முத்திரையிடுகின்றன. தேய்ந்த செப்புக் காசுக்கோ, கிடைக்கும் விலையைவிடக் கட்டணமே மிகுதியாகிவிடக்கூடும். மேலும், நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே, அமெரிக்காவை மறந்துவிட்டு ஆட்சியர் அலுவலகத்தை நாடுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், எழுத்து மூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கண்டெடுத்தது அமானிதம், அதைப் பேணுவதே நமக்கு அழகு.