நொடிக்கு 60 படம்

சினிமாவில் திரையில் ஓடும் ஒவ்வொரு படமும் முன்பே எடுத்து வைத்தது. கணினி விளையாட்டு அப்படியில்லை. அடுத்த கணம் நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்களா, சுவர் ஏறிக் குதிப்பீர்களா என்று யாருக்குத் தெரியும்? அதனால் திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும் கணினி அப்போதுதான் புதிதாக வரைகிறது. வழக்கமான மானிட்டர் நொடிக்கு 60 தடவை படத்தை மாற்றும். ஒரு நொடி என்பது 1000 மில்லி நொடி. அதை 60-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படம் வரையக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடிதான். நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் ஆறு படமாவது வரைந்தாக வேண்டும்.

அந்த 16.7 மில்லி நொடிக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று புரிந்துவிட்டால், கையில் இருக்கும் பணத்தில் எந்தப் பாகத்தை நல்லதாக வாங்குவது, எதில் சிக்கனம் பிடிப்பது என்பதை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லலாம். வீட்டில் பெரியவர்களிடம் கேட்கும்போதும் அந்தக் கணக்கோடு போய்க் கேட்கலாம்.

முதலில் திரையைப் பாருங்கள். இன்று பரவலாகக் கிடைக்கும் மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று நொடிக்கு 60 தடவை முடிவு செய்ய வேண்டும். அதாவது நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் முடிவுகள்! வீட்டில் 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட பழைய மானிட்டர் இருந்தால் புள்ளிகள் 10,49,088 மட்டுமே. வேலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். 4கே திரை என்றால் 82,94,400 புள்ளிகள், 1920-க்கு 1080 திரையைவிட வேலை நான்கு மடங்கு. ஆகவே கணினி வாங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது திரையைத்தான். பணம் குறைவாக இருந்தால் 4கே பக்கம் போகவே வேண்டாம்.

இத்தனை புள்ளிகளையும் நிரப்புவது யார்? நடவு நடக்கும் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த வயலில் தொடங்குவது, எந்த நாற்றை எங்கே நடுவது என்பதை வரப்பில் நிற்கும் ஒருவர் சொல்கிறார். வயலுக்குள் முப்பது பெண்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு பகுதியாக நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். ஒருவர் நடுவதற்கு இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரப்பில் நிற்பவர்தான் பிராசசர். பந்து எங்கே விழும், எதிராளி எந்தப் பக்கம் ஓடுவார், நீங்கள் அழுத்திய பொத்தானுக்கு என்ன பொருள் என்று ஒன்றன்பின் ஒன்றாக யோசித்து முடிவெடுப்பது அதன் வேலை. வயலில் இறங்கி நடுவது கிராபிக்ஸ் கார்டு. ரைசன் 5 5600 என்ற பிராசசரில் இருப்பவை 6 கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள். ஒவ்வொன்றும் கெட்டிக்காரக் கோர். ஆர்எக்ஸ் 6600 என்ற கிராபிக்ஸ் கார்டில் இருப்பவை 1792 சிறு கணக்கிடும் அலகுகள். தனியாக எடுத்தால் எதுவும் பெரிய கெட்டிக்கார அலகு இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கினால் இருபது லட்சம் புள்ளிகளும் சில மில்லி நொடியில் நிரம்பிவிடும்.

இனி வருவதுதான் முக்கியமான கணக்கு. கிராபிக்ஸ் கார்டு ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த படத்துக்கான முடிவுகளை எடுத்துக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், ஒரு படத்துக்கு ஆகும் நேரம் இருவரின் நேரத்தையும் கூட்டினால் வருவதில்லை. இருவரில் மெதுவானவர் எடுக்கும் நேரம்தான் படத்தின் நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு. பிராசசருக்கு 8 மில்லி நொடி, கார்டுக்கு 20 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000-ஐ 20-ஆல் வகுத்தால் நொடிக்கு 50 படம். இப்போது காசு சேர்த்து, 4 மில்லி நொடியில் முடிக்கும் பிராசசர் வாங்குகிறீர்கள். எத்தனை படம் வரும்? அதே 50! கார்டு இன்னமும் 20 மில்லி நொடி எடுத்துக்கொண்டுதானே இருக்கிறது. அந்தப் பணத்துக்குப் பிராசசரை விட்டுவிட்டு 10 மில்லி நொடியில் வரையும் கார்டு வாங்கியிருந்தால் 100 படம் வந்திருக்கும். சரி, இன்னும் கொஞ்சம் பணம் போட்டு 5 மில்லி நொடிக் கார்டாக வாங்கினால் 200 வருமா? வராது. பிராசசரின் 8 மில்லி நொடி குறுக்கே நிற்கும். 125-உடன் நின்றுவிடும். விலை உயர்ந்த ஒரே ஒரு பாகத்தை வாங்கி மற்றதை எல்லாம் மட்டமாக வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் கணினியில் மெதுவானவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பள்ளியிலோ, அண்ணன் அக்காவிடமோ இருக்கும் கணினியில்கூடச் செய்யலாம். மைன்கிராப்ட் ஜாவா பதிப்பைத் திறந்து, படங்களின் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பை எடுத்துவிடுங்கள். விசிங்க் என்ற அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஓரிடத்தில் அசையாமல் நின்று எஃப்3 பொத்தானை அழுத்தினால் நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். இப்போது விளையாட்டின் சாளரத்தைப் பாதி அளவுக்குச் சுருக்குங்கள். வேறு எதையும் மாற்றக் கூடாது. புள்ளிகள் குறைந்ததால் கார்டுக்கு வேலை குறைந்தது, பிராசசருக்கு அதே வேலைதான். எண் சட்டென்று ஏறினால் இதுவரை தாமதப்படுத்தியது கார்டு. எண் ஏறவே இல்லையென்றால் பிராசசரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் கடைப்பிடிக்கும் அதே முறை. எந்த விளம்பரத்தையும்விட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன்.

புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. தனிக் கார்டு வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது கார்டுக்குப் போகட்டும். பிராசசர் நடுத்தரமாக இருந்தால் போதும். அவ்வளவு பணம் இல்லையா? படம் வரையும் பகுதியும் உள்ளேயே அமைந்த பிராசசர்கள் இருக்கின்றன. ரைசன் 5 5600ஜி அப்படி ஒன்று. கடைசியில் உள்ள அந்த 'ஜி'தான் அடையாளம். இன்டெல்லின் ஐ3 12100எஃப் போன்றவற்றில் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் படம் வரையும் பகுதி இல்லை என்று பொருள். விலை குறைவு என்று அதை வாங்கி, கார்டு இல்லாமல் மாட்டினால் திரை இருட்டாகவே இருக்கும்.

'ஜி' வழியில் போகிறவர்கள் ரேம் என்ற நினைவகத்தின் விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். நடவாட்கள் முப்பது பேர் நின்றாலும் நாற்றுக்கட்டு வந்து சேராவிட்டால் சும்மா நிற்க வேண்டியதுதானே? இங்கே நாற்று என்பது நினைவகத்திலிருந்து வரும் தகவல். தனிக் கார்டில் அதைத் தருவதற்கென்றே வேகமான நினைவகம் கூடவே இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600-இல் அது நொடிக்கு 224 ஜிபி தகவலைக் கொண்டுவந்து கொட்டும். உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு அந்த வசதி இல்லை. பிராசசரோடு சேர்ந்து சாதாரண ரேமையே பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 320 கோடி தடவை, தடவைக்கு 8 பைட் அனுப்பும். பெருக்கினால் 25.6 ஜிபி. இது ஒரு வழித்தடத்தின் கணக்கு. பிராசசரில் இரண்டு வழித்தடங்கள் உண்டு. 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்கினால் ஒரு தடம் வெறுமனே கிடக்கும். 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்கினால் இரண்டும் ஓடி 51.2 ஜிபி வரும். கொள்ளளவு ஒன்றுதான், விலையிலும் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் படங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மதர்போர்டில் ரேம் துளைகள் நான்கு இருந்தால் எந்த இரண்டில் செருகுவது என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

சேமிப்புக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள். ஆட்டம் திறக்கும் நேரம் குறையும், ஆனால் நொடிக்கு வரும் படங்கள் கூடாது. அதனால் நடுத்தர விலையில் ஒன்று போதும். கேபினெட்டில் மின்னும் வண்ண விளக்குகள் ஒரு படத்தைக்கூடக் கூட்டித் தராது. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட்டைவிடச் சல்லடை வைத்தது நல்லது. கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால், சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கே வீணாகிறது.

பணம் குறைவாக இருக்கும்போது எல்லோரும் கைவைப்பது எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியில்தான். விளையாட்டில் அதன் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா? என்னைக் கேட்டால், கைவைக்கவே கூடாத ஒரே பாகம் அது. வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் தருவது அது. அது தடுமாறினால் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் ஆபத்து. கணக்குப் போடுவது எளிது. ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு 90 வாட், மீதி எல்லாவற்றுக்கும் 50 வாட் என்று வைத்தால் மொத்தம் 272. திடீர் ஏற்றங்களுக்கு இடம் விட்டு, 80 பிளஸ் சான்று பெற்ற 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் சரி. 80 பிளஸ் என்றால் இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் பயனாகும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் உலோகப் பெட்டிக்கு வரும். அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் போக இடமின்றி உங்கள் விரல் வழியாகப் போகிறது. உடனே பெரியவர்களிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: எஸ்எம்பிஎஸ் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது தங்கியிருக்கும்.

புதிதாக அசெம்பிள் செய்யவே பணம் போதாது என்றால், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினியைப் பாருங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். அதன் எஸ்எம்பிஎஸ் சிறியது, கார்டுக்குத் தனி மின்கம்பி பெரும்பாலும் இருக்காது. ஆனால் மதர்போர்டின் கார்டு துளையே 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் சில வகைகள் அந்த 75 வாட்டிலேயே ஓடிவிடும். ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த கார்டாக இருக்க வேண்டும், அளந்து பார்த்து வாங்குங்கள். பழைய கார்டு வாங்கும்போது அரை மணி நேரமாவது விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிறகே பெரியவர்களைப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் ஈட்டும் முறையைக் கைவிட்டதும், அதுவரை இரவு பகலாக அதற்காக உழைத்த கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறி தேய்ந்தவையும் உண்டு.

எல்லாம் மாட்டி முடித்ததும் மூன்று இடங்களைச் சரிபாருங்கள். டிடிஆர்4-3200 என்று விற்கும் ரேம் பல கணினிகளில் முதலில் 2133-இல்தான் ஓடும், அதாவது தடத்துக்கு 17 ஜிபி மட்டுமே. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பெரியவர் துணையோடு இயக்கினால் 3200 ஆகும். அடுத்தது மானிட்டர் கேபிள். தனிக் கார்டு வாங்கியவர்கள் கேபிளைக் கார்டின் துளையில்தான் செருக வேண்டும், மதர்போர்டின் துளையில் இல்லை. 100 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 100 தடவை படத்தை மாற்றும் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸின் திரை அமைப்பையும் திறந்து பாருங்கள். பல நேரங்களில் அது 60-இலேயே நின்றிருக்கும், நீங்கள்தான் 100-க்கு மாற்ற வேண்டும்.