பந்தைப் பாராத கண்: கூடைப்பந்து நடுவர் பயிற்சி
மலாக்கா மாநிலத்தின் சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களில் தமிழ்ப்பள்ளித் திடல்வழியே வலைப்பந்தை அறிந்தவர், மலேசியாவில் பெரிதும் சீனப்பள்ளித் திடல்களில் வேரூன்றிய கூடைப்பந்துக்கு நடுவராக முற்படும்போது, பழகிய பார்வையை மாற்றிக்கொள்ள நேரிடும். வலைப்பந்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் இயங்கும் பகுதி வரையறுக்கப்பட்டுள்ளது. கூடைப்பந்திலோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள தளமெங்கும் பத்துப் பேரும் ஓடலாம் என்பதால், எங்கே நிற்பது என்பதே நடுவரின் முதற்பாடமாகிறது.

இரு நடுவர்கள் பணியாற்றும் ஆட்டத்தில், தாக்கும் அணிக்கு முன்பே விரைந்து கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டருகே நிற்பவர் முன்நடுவர், ஆட்டத்தைப் பின்தொடர்ந்து வருபவர் பின்நடுவர். பந்து எதிரணியிடம் போனதும் பொறுப்புகள் இடம்மாறும். பந்து தம் பகுதியில் இல்லாத நடுவர் அதைப் பாராமல், மற்றவர்களிடையே நடக்கும் இழுப்பையும் தள்ளலையும் கவனிக்க வேண்டும். இந்தப் பங்கீடு புதியதன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் வகுத்த 13 விதிகளிலேயே ஒருவர் ஆட்களையும் மற்றவர் பந்தையும் கவனிக்கும்படி இருந்தது. விதிநூலை மனப்பாடம் செய்துவிடலாம். ரசிகனாகப் பந்தின் பின்னாலேயே ஓடிப் பழகிய கண்ணைத் திருப்புவதுதான் கடினம்.

உடல் மோதலைத் தீர்மானிக்க உதவுவது உருளைக் கோட்பாடு. ஒவ்வோர் ஆட்டக்காரரையும் சுற்றித் தரையிலிருந்து மேலெழும் கற்பனை உருளை ஒன்று உண்டு என்றும், அதனுள் நிற்கவும் நேராக எம்பவும் அவருக்கு உரிமை உண்டு என்றும் விதி கொள்கிறது. ஆகவே தாக்குபவரும் தடுப்பவரும் மோதி ஒருவர் விழுந்தால், விழுந்தவர் யார் என்பது பொருட்டன்று. தடுப்பவர் முறையாக இடம்பிடித்துத் தம் உருளைக்குள் இருந்தாரா என்பதே கேள்வி. பயிற்சி பெற்ற நடுவர் முதலில் தடுப்பவரையே பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நடுவர் விசிலுடன் மூடிய கையை உயர்த்தினால் அது ஃபவுல், அதாவது விதிக்குப் புறம்பான உடல்தொடர்பு. விரித்த கையை உயர்த்தினால் பந்தைத் தட்டாமல் நடப்பது போன்ற விதிமீறல். இரண்டிலும் கடிகாரம் நிற்கும். ஃபவுல் என்றால், செய்தவரின் சட்டை எண்ணை நடுவர் விரல்களால் மேசைப் பதிவாளருக்குக் காட்ட வேண்டும். பன்னாட்டு விதிப்படி ஐந்தாவது ஃபவுலுடன் அந்த ஆட்டக்காரர் வெளியேற வேண்டியிருப்பதால், எண்ணைத் தவறாகக் காட்டினால் தண்டனை வேறொருவர் கணக்கில் ஏறிவிடும்.