கோய் மீன் குளப் பராமரிப்பு

கோய் என்பது சாதாக்கெண்டையின் உறவினமான, வண்ணத்துக்காகத் தெரிவு செய்து வளர்க்கப்பட்ட அலங்கார மீன் ஆகும். ஜப்பானின் நீகாட்டா பகுதியில் 19 ஆம் நூற்றாண்டில் இதன் வண்ண வகைகள் உருவாக்கப்பட்டன. 1914 ஆம் ஆண்டு டோக்கியோ கண்காட்சிக்குப் பின்னர் இது பரவலாக அறியப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடமாகும். நன்கு பராமரிக்கப்படும் கோய் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

குளத்தின் அளவு

கோய் 60 செ.மீ. வரையோ அதற்கு மேலோ வளரும். எனவே குளம் குறைந்தது 1 மீட்டர் ஆழம் இருத்தல் நன்று. வளர்ந்த மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ 1000 லிட்டர் நீர் தேவை. 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உடைய குளம் 6000 லிட்டர் கொள்ளும். அதில் ஆறு மீன்களே வாழ இயலும். குஞ்சுகளின் சிறிய உருவத்தைக் கண்டு மிகுதியாக விடுவதே பல குளங்கள் கெடக் காரணமாகின்றது.

நீரின் தரம்

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இதனை ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைத்திரைட்டாகவும், வேறு சில நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேட்டின் தீமை மிகக் குறைவு. வடிகட்டியில் இப்பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே புதிய குளத்தில் மீன்களைச் சிறிது சிறிதாகவே விட வேண்டும். வடிகட்டியைக் குளோரின் கலந்த நீரால் கழுவினால் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். குளத்து நீராலேயே கழுவ வேண்டும்.

வாரந்தோறும் 10 முதல் 20 விழுக்காடு நீரை மாற்றலாம். பிளீச்சிங் பவுடர் இட்ட குடிநீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிசன் குறைவாதலால், உயரத்திலிருந்து விழச் செய்து சேர்ப்பது நல்லது.

பாசி மிகுந்த குளத்தில் இரவில் ஆக்சிசன் குறைகிறது. விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்குவது இதன் அறிகுறியாகும்.

உணவு

ஐந்து நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே உணவிட வேண்டும். நீர் குளிரும்போது செரிமானம் குறைவதால், ஜவ்வாது மலை போன்ற உயரமான இடங்களில் மார்கழி, தை மாதங்களில் உணவைக் குறைத்தல் வேண்டும்.

நோய்கள்

வெண்புள்ளி நோய், மீன் பேன், நங்கூரப் புழு ஆகியன பொதுவாகக் காணப்படுகின்றன. கோய் ஹெர்பிஸ் தீநுண்மி 1990களின் இறுதியில் அறியப்பட்டது. நீர் 16 முதல் 25 பாகை செல்சியசு வரை இருக்கும்போது இது பெரும் இறப்பை உண்டாக்கும், மனிதரைத் தாக்குவதில்லை. இதற்கு மருந்து இல்லை. புதிய மீன்களைத் தனித் தொட்டியில் மூன்று அல்லது நான்கு வாரங்கள் வைத்துக் கண்காணிப்பதே சிறந்த தடுப்பு முறையாகும்.

சூழல் எச்சரிக்கை

சாதாக்கெண்டை 1939 இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. இம்மீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்த்தாவரங்களை அழிக்கும் இயல்புடையது. கோயும் அவ்வாறே. ஜவ்வாது மலை செய்யாறு தோன்றும் இடமாகும். அங்கு ஓடையில் விடப்படும் மீனும் அதன் நோயும் கீழுள்ள ஏரிகளை அடையக்கூடும். எனவே வேண்டாத மீன்களை ஓடைகளில் விடாமல், வளர்க்க விரும்புவோரிடம் ஒப்படைக்க வேண்டும். குளத்து நீரையும் ஓடையில் வடியவிடாமல் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்.